மெழுகில் பூத்த வெள்ளை

ஒரே பாத்திரத்தில் உருக்கிய சோயா மெழுகு. ஒரே சாயம், ஒரே வாசனை எண்ணெய், ஒரே கடையில் வாங்கிய கண்ணாடிக் குவளைகள். ஊற்றியபின் ஒன்றைச் சாப்பாட்டு மேசையிலேயே விட்டுவிட்டு, இன்னொன்றை ஏசி காற்று நேராகப் படும் அலமாரித் தட்டில் வைத்துப் பாருங்கள். மறுநாள் காலையில் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று சத்தியம் செய்தாலும் நம்ப ஆள் இருக்காது. மேசையில் இருந்தது வழவழவென்று இருக்கும். ஏசியில் இருந்ததில் கண்ணாடியோரம் திட்டுத்திட்டாக ஈரம் பட்டாற்போல் தெரியும். மேல்பரப்பில் கீறலோ மேடுபள்ளமோ விழுந்திருக்கும். இதோடு முடிந்தால் பரவாயில்லை. நல்ல பிள்ளையாக இருந்த அந்த மேசைக் குவளை, யாருக்காவது பரிசாகக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்த சில நாட்களில் உடம்பெல்லாம் நீறு பூத்து நிற்கும்.

வீட்டில் மெழுகுவர்த்தி வார்ப்பவர்களுக்கும், வேக்ஸ் மெல்ட் என்று விற்கப்படும் திரியில்லா நறுமண வில்லைகளைச் செய்பவர்களுக்கும் இது அன்றாடத் தலைவலி. மெழுகில் கலப்படம், சாயம் மட்டம், குவளையில் தண்ணீர் இருந்திருக்கும் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் இந்தக் குற்றவாளிகள் எல்லாரும் நிரபராதிகள். பூத்திருக்கும் அந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்து ஆராய்ந்தால் அதில் இருப்பதும் அதே மெழுகுதான். வெளியிலிருந்து எதுவும் வந்து சேரவில்லை. உள்ளே இருந்த மூலக்கூறுகள் வேறு விதமாக அடுக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவே. மெழுகின் மேல்பரப்பு என்பது, அதற்குள் இருந்த சூடு எந்த வழியாக, எந்த வேகத்தில் வெளியேறியது என்று எழுதி வைத்த பதிவேடு. அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பரிகாரம் தானாகப் புரியும்.

முதலில் மெழுகு என்பது ஒரு தனிப் பொருள் இல்லை, ஒரு கூட்டம். பாரஃபின் மெழுகு கச்சா எண்ணெயிலிருந்து வருவது. பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது கார்பன் அணுக்கள் வரை வரிசையாகக் கோத்த சங்கிலி மூலக்கூறுகள், நீளத்தில் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய. கடைகளில் 58/60 என்று எண் போட்டு விற்கும் பாரஃபினின் உருகுநிலை 58 முதல் 60 டிகிரி செல்சியசுக்குள் இருக்கும் என்பது அந்த எண்ணின் பொருள். தண்ணீர் சரியாக 0 டிகிரியில் உறையும். மெழுகுக் கூட்டத்திலோ நீளச் சங்கிலிகள் முந்திக்கொண்டு உறையும். குட்டைச் சங்கிலிகள் பின்னால் வரும். சோயா மெழுகு வேறு குலம். வேதியியல் கணக்கில் அது மெழுகே இல்லை, கொழுப்பு. எண்ணெய்க்குள் ஹைட்ரஜனைச் செலுத்திக் கெட்டியாக்கும் முறைக்கு ஜெர்மானியரான வில்ஹெல்ம் நார்மன் 1902இல் காப்புரிமை பெற்றார். நம் ஊர் வனஸ்பதி அந்த வழியில் வந்தது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மைக்கேல் ரிச்சர்ட்ஸ், தேன்மெழுகுக்கு மலிவான மாற்றுத் தேடியபோது சோயா எண்ணெயை அதே முறையில் கெட்டியாக்கி வர்த்தி செய்தார். ஆகவே சோயா வர்த்தி வனஸ்பதிக்கு ஒன்றுவிட்ட தங்கை. இந்த உறவை நினைவில் வையுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

குறைகளின் முதல் வேர் சுருக்கம். தண்ணீர் உறையும்போது கொள்ளளவில் ஒன்பது சதவீதம் விரிகிறது, அதனால்தான் ஐஸ்கட்டி மிதக்கிறது. மெழுகு நேர் எதிர். உருகிய பாரஃபினில் ஒரு கெட்டித் துண்டைப் போட்டுப் பாருங்கள், மூழ்கிவிடும். உறைந்த மெழுகு உருகிய மெழுகைவிட அடர்த்தி மிக்கது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை. உருகிய நிலையிலிருந்து அறைச் சூட்டுக்கு வந்து சேர்வதற்குள் பாரஃபின் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை சுருங்கும். 200 மில்லி ஊற்றினால் 20 மில்லிக்கு மேல் காணாமல் போகிறது. எங்கிருந்து காணாமல் போகிறது என்பதுதான் கேள்வி.

மெழுகு வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. தண்ணீரின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதனால் குவளையின் ஓரமும் மேல்பரப்பும் முதலில் உறைந்து தோல் கட்டும். உள்ளே இன்னும் நெடுநேரம் திரவம் இருக்கும். அந்தத் திரவம் உறைந்து சுருங்கும்போது, ஏற்கெனவே கெட்டியாகிவிட்ட தோல் கூடவே இறங்கி வர முடியாது. உள்ளே காற்றில்லாத வெற்றிடம் உண்டாகிறது. தோல் மெலிதாக இருந்தால் அது உள்வாங்கிக் குழி விழும். தடிமனாக இருந்தால் மேலே ஒன்றும் தெரியாது, உள்ளே குகை இருக்கும். கடைசியாக உறையும் இடம் நடு. நடுவில்தான் திரி நிற்கிறது. ஆகவே குழியும் குகையும் திரியை ஒட்டியே அமைகின்றன. ஐயம் இருந்தால், பார்வைக்கு நன்றாக இருக்கும் ஒரு வர்த்தியைச் சூடாக்கிய கத்தியால் நெடுக்கு வாட்டில் அறுத்துப் பாருங்கள்.

மேல்பரப்புக் குறைகளில் நான் உண்மையிலேயே அஞ்சுவது இதற்குத்தான். மற்றவை அழகுப் பிரச்சினைகள். குகையுள்ள வர்த்தி எரியும்போது, உருகிய மெழுகு சட்டென்று உள்ளே இறங்கிவிடும். திரி நீளமாக வெளியே நின்று சுடர் உயர்ந்து புகையும். குவளை சூடேறும்.

பரிகாரம், பழைய வர்த்திக்காரர்கள் கைக்கொண்டதுதான். மேலே தோல் கட்டி உள்ளே இன்னும் இளகலாக இருக்கும்போது திரியைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் மெல்லிய குச்சியால் குத்திவிட வேண்டும். காற்று உள்ளே போகும், வெற்றிடம் கலையும், குழி வெளிப்படையாக விழும். பிறகு எடுத்து வைத்த மெழுகை முதல் முறையைவிடச் சில டிகிரி கூடுதலாகச் சூடாக்கி அந்தக் குழியை நிரப்ப வேண்டும். கூடுதல் சூடு எதற்கு என்றால், பழைய பரப்பைச் சற்றே உருக்கி அதோடு ஒட்டிக்கொள்வதற்கு. முதல் ஊற்றலின் மட்டத்தைத் தாண்டி ஊற்றக்கூடாது. தாண்டினால் மெழுகுக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள சந்தில் வழிந்து கோடாகத் தெரியும். கோயம்புத்தூர் வார்ப்படப் பட்டறைகளில் இரும்பு வார்க்கும்போது அச்சின் மேல் ரைசர் என்று ஒரு கூடுதல் குழம்புத் தேக்கம் விடுகிறார்களே, அதன் வேலையும் இதுவே: சுருங்குகிற உலோகத்துக்குக் கடைசிவரை ஊட்டிக்கொண்டிருப்பது.

சுருக்கம் பக்கவாட்டிலும் நடக்கிறது. அச்சில் வார்ப்பவர்களுக்கு அது வரம். வர்த்தி தானே சுவரை விட்டு விலகிக் கையோடு வந்துவிடும். எல்லா மெழுகுக்கும் இந்த வரம் கிடைப்பதில்லை. மைக்கேல் ஃபாரடே 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்காக மெழுகுவர்த்தியைப் பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். கொழுப்பு வர்த்திகளை அச்சில் வார்க்கலாம், தேன்மெழுகை அப்படி வார்க்க முடியாது என்று அதில் குறிப்பிட்டார். தொங்கவிட்ட திரிகளின் மேல் கரண்டியால் மெழுகை ஊற்றி ஊற்றித் தடிமனாக்கும் முறையை விளக்கினார்.

குவளை வர்த்திக்கோ இந்த விலகல் சாபம். மெழுகும் கண்ணாடியும் சூட்டுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்குபவைதான், ஆனால் கண்ணாடி சுருங்குவதைப்போல் பல பத்து மடங்கு மெழுகு சுருங்குகிறது. ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பொருள்களில் ஒன்று மட்டும் பின்வாங்கினால் எங்காவது பிடி விடும். விட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத காற்றுப் படலம் நுழைகிறது. ஒட்டிய இடத்தில் ஒளி கண்ணாடியிலிருந்து மெழுகுக்குள் சிரமமில்லாமல் போய்விடும். விலகிய இடத்தில் கண்ணாடி முடியும் எல்லையில் ஒரு முறை, மெழுகு தொடங்கும் எல்லையில் ஒரு முறை எனக் கூடுதலாகப் பிரதிபலிக்கும். நிறம் மாறித் திட்டாகத் தெரிகிறது. ஈரத் திட்டு என்கிறோம், ஈரம் ஒரு சொட்டும் கிடையாது. சரிபார்க்க வழி இருக்கிறது: தலைமுடி காயவைக்கும் டிரையரால் திட்டின் மேல் கண்ணாடியைச் சூடேற்றுங்கள். மெழுகு விரிந்து மறுபடி ஒட்டும், திட்டு மறையும். ஆறியதும் பெரும்பாலும் திரும்பி வரும். ஈரமாக இருந்தால் இப்படிப் போய்ப் போய் வராது.

ஊற்றும் முன் கண்ணாடியைக் கழுவித் துடைத்து, வெதுவெதுப்பாக்கி, எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஆறவிட்டால் திட்டுகள் குறையும். அறவே வராமல் செய்வது கடினம். பெரிய நிறுவனங்களே நிறம் பூசிய அல்லது உறைபனி போல் மங்கலாக்கிய கண்ணாடிக் குவளைகளை எடுத்துக்கொண்டு தப்பித்துவிடுகின்றன என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பாரஃபின் கெட்டியான பிறகும் சுருங்குவது நிற்பதில்லை. இதைக் கண்டவர் அலெக்சாண்டர் முல்லர். ஃபாரடே வர்த்தியைப் பற்றிப் பேசிய அதே ராயல் இன்ஸ்டிடியூஷன் கட்டடத்தில், எழுபது ஆண்டுகள் கழித்து, பாரஃபின் படிகங்களை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தவர். உருகுநிலைக்குச் சற்றுக் கீழே பாரஃபின் கெட்டியாக இருந்தாலும் அதன் சங்கிலிகள் தத்தம் அச்சில் சுழன்றபடி தளர்வாக நிற்கின்றன என்று 1932இல் அவர் காட்டினார். இன்னும் பல டிகிரி ஆறியபின்தான் சுழற்சி நின்று நெருக்கமாக அடுக்கமைகின்றன. அப்போது இரண்டாவது சுருக்கம் ஒன்று நிகழ்கிறது. கெட்டியாகிவிட்டதே என்று குவளையைக் குளிர்பதனப் பெட்டியில் திணித்தால் வெடிப்பு விழுவது இதனால்தான்: வெளிப்புறம் இரண்டாவது சுருக்கத்தை முடித்துக்கொள்ள, உட்புறம் இன்னும் தொடங்கவேயில்லை. சித்திரை வெயிலில் கொட்டகையில் நிற்கும் நீள வர்த்திகள் உருகாமலேயே வளைந்து வணங்குவதும் இந்தத் தளர்ந்த நிலையின் விளைவுதான்.

இனி அந்த வெள்ளைக்கு வருவோம். சோயா மெழுகு கொழுப்பு, வனஸ்பதிக்கு உறவு என்று பார்த்தோம்; ஆகவே இதற்குச் சமையலறைக்குப் போக வேண்டும். வெண்ணெய் காய்ச்சிய நெய்யை அடுப்பங்கரையில் மெல்ல ஆறவிட்டால் மணல் மணலாக உறையும். மேலே கொஞ்சம் தெளிந்த நெய்யும் நிற்கும். அதே நெய்யைச் சூடு தணிந்ததும் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மணலே இல்லாமல் ஒரே கட்டியாக, மழமழவென்று உறையும். மெல்ல ஆறும்போது படிகம் கட்டத் தொடங்கும் புள்ளிகள் சிலவே. ஒவ்வொன்றும் நிதானமாக அக்கம்பக்கத்து மூலக்கூறுகளை இழுத்துப் பெரிதாகிறது. சட்டென்று குளிர்ந்தால் ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான புள்ளிகள் கிளம்பும். எதற்கும் வளர இடமிருக்காது. படிகம் கட்டத் தொடங்கும் அந்தப் புள்ளியைப் படிகக் கரு என்பார்கள். கரு அதிகமானால் படிகம் சிறிது, பரப்பு வழவழப்பு. கரு குறைந்தால் படிகம் பெரிது, பரப்பு சொரசொரப்பு. பெரிய படிகங்களின் முகங்கள் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கும். கண்ணுக்கு வெள்ளையாகப் படும். நெய்யில் நாம் மெச்சிக்கொள்ளும் மணலைத்தான் வர்த்தியில் குறை என்கிறோம்.

ஆனால் கதையில் பாதிதான் இது. படிகத்தின் அளவு மட்டும் காரணமென்றால், முதல் நாள் வழவழப்பாக இருந்தது பிறகு ஏன் பூக்க வேண்டும்? கெட்டியான பொருளுக்குள் என்ன நகர்கிறது?

விடை ஒரு நூற்றாண்டுக்கு மேல் துண்டு துண்டாகக் கிடைத்தது. கொழுப்பு என்பது கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்தது என்று பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1823இல் விளக்கினார். அந்த அமிலங்களில் ஒன்றான ஸ்டியரிக் அமிலத்தில் வர்த்தி செய்ய, கே-லுசாக்குடன் சேர்ந்து 1825இல் காப்புரிமையும் வாங்கினார். அதுவரை ஏழைகள் எரித்த மாட்டுக்கொழுப்பு வர்த்தி நாறிக்கொண்டும் ஒழுகிக்கொண்டும் இருந்தது. அடுத்த தலைமுறையில் ஒரு விந்தை கண்ணில் பட்டது. தூய்மையாக்கிய ஸ்டியரின் கொழுப்பை நுண்குழாயில் இட்டு மெல்லச் சூடாக்கினால், 52 டிகிரி வாக்கில் உருகித் தெளிகிறது. இன்னும் சூடாக்கினால் மறுபடி மங்கி உறைகிறது. மேலும் சூடாக்கினால் இன்னோர் இடத்தில் மறுபடி உருகுகிறது. சூடாக்கச் சூடாக்க உறையும் பொருளை யார் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? கலப்படம் இருக்கும் என்றே முதலில் யாருக்கும் தோன்றும். ஜெர்மனியில் ஹைன்ட்ஸ் 1849இல் இரண்டு உருகுநிலைகளைப் பதிவு செய்தார். இங்கிலாந்தில் பேட்ரிக் டஃபி 1852இல் மூன்று என்றார்: ஏறக்குறைய 52, 64, 70 டிகிரி. பொருள் ஒன்றே, அடுக்கு வேறு என்பது டஃபியின் ஊகம்.

ஊகம் சரியா என்று பார்க்க எக்ஸ் கதிர் வர வேண்டியிருந்தது. ஒழுங்காக அடுக்கமைந்த மூலக்கூறுகளின் ஊடே எக்ஸ் கதிரைச் செலுத்தினால், அடுக்குகளுக்கு இடையிலான தூரத்தைப் பொறுத்து அது குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் பளிச்சிடும். கோணத்தை அளந்தால் தூரம் கிடைக்கும். 1934இல் பிரிஸ்டலைச் சேர்ந்த மால்கினும் கிளார்க்சனும் இப்படிப் பார்த்து, ஒரே கொழுப்பு வெவ்வேறு அடுக்குகளில் படிகமாவதை உறுதி செய்தார்கள். அடுக்குகளின் விவரத்தை 1945இல் திருத்தித் தெளிவாக்கியவர் எட்வின் லட்டன். அவர் வேலை பார்த்தது புராக்டர் அண்டு கேம்பிளில். இன்று சோப்புக்குப் பெயர்போன அந்த நிறுவனம் 1837இல் சின்சினாட்டியில் தொடங்கப்பட்டபோது, வில்லியம் புராக்டர் மெழுகுவர்த்தி வியாபாரி.

ஒரே மூலக்கூறு பல அடுக்குகளில் படிகமாகும் இந்தக் குணத்தைப் பல்லுருமை என்று சொல்லலாம். கொழுப்பில் முக்கியமானவை மூன்று உருக்கள்: ஆல்பா, பீட்டா பிரைம், பீட்டா. ஆல்பாவில் சங்கிலிகள் நெட்டுக்குத்தாகத் தளர்ந்து நிற்கின்றன, முல்லரின் பாரஃபினைப் போலவே. பீட்டாவில் சாய்ந்து ஒன்றோடொன்று இறுகப் படிந்திருக்கின்றன. நடுவில் இருப்பது பீட்டா பிரைம். நுண்ணிய ஊசிகளாக அமைவதால் பரப்புக்கு வழவழப்புத் தருவது இதுதான். நிலையானது பீட்டா. அப்படியென்றால் மெழுகு நேராக பீட்டாவுக்கே போகலாமே? போகாது. உறையும் பொருள் மிக நிலையான உருவத்துக்கு ஒரேயடியாகத் தாவாமல், கைக்கெட்டிய உருவத்தை முதலில் பிடித்துக்கொண்டு படிப்படியாக நகரும் என்று வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் 1897இல் வகுத்துச் சொன்னார். வேகமாகக் குளிர்ந்தால் ஆல்பா, பிறகு பீட்டா பிரைம், நாளாவட்டத்தில் பீட்டா.

சில நாள் கழித்துப் பூத்த வெள்ளைக்கு இதுவே விடை. அலமாரியில் இருக்கும் வர்த்தி பகலில் 36 டிகிரியும் இரவில் 28 டிகிரியும் காண்கிறது. பகல் சூட்டில் நிலையற்ற படிகங்களில் ஒரு பகுதி இளகும். இரவில் அந்த இளகிய பகுதி, நிலையான பீட்டா படிகத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் சின்னப் படிகங்கள் கொஞ்சம் இழக்க, பெரியவை கொஞ்சம் சேர்க்கின்றன. அவை மேல்பரப்பில் முளைத்து நிற்கும்போது நாம் பூப்பு என்கிறோம். கைப்பையில் மறந்துவிட்ட சாக்லேட்டின் மேல் பூக்கும் வெள்ளையும் இதே பீட்டா குடும்பத்துச் சங்கதிதான். கோகோ கொழுப்புக்கு ஆறு உருக்கள் உண்டென்று 1966இல் எழுதியவர்களில் ஒருவர் நம் லட்டன்.

சோயாவுக்கு இந்தத் தொல்லை ஏன் இவ்வளவு அதிகம்? கெட்டியாக்கிய சோயா எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் பதினெட்டு கார்பன் சங்கிலிகள். எல்லாம் ஒரே நீளம் என்பதால் இறுக அடுக்கமைய எந்தத் தடையும் இல்லை, பீட்டாவுக்கு ஓட்டம். பாமாயிலில் பதினாறும் பதினெட்டும் கலந்திருக்கின்றன. நீளம் பொருந்தாததால் அடுக்கு பீட்டா பிரைமிலேயே தயங்கி நிற்கும். மார்கரின் செய்பவர்கள் நாக்கில் மணல் தட்டக்கூடாது என்று பாமாயிலோ பருத்திவிதை எண்ணெயோ சேர்ப்பது இதற்காக. வர்த்தி செய்பவர்களும் சோயாவில் சிறிது பாம் மெழுகையோ பாரஃபினையோ தேன்மெழுகையோ கலந்தால் பூப்பு மட்டுப்படும். கூட்டத்தில் வேற்றாட்கள் புகுந்தால் வரிசை கட்டுவது தாமதமாகிறது.

இன்னொரு வழி ஊற்றும் சூட்டைக் குறைப்பது. 80 டிகிரிவரை உருக்கிய மெழுகை அப்படியே ஊற்றினால் அதில் படிகக் கரு எதுவும் மிச்சமிருக்காது. கிளறியபடி ஆறவிட்டு, இலேசாகக் கலங்கிப் பால்போல் ஆகும் தறுவாயில் ஊற்றினால், அந்தக் கலங்கலே எண்ணற்ற கருக்கள். பரப்பு நுண்மையாக அமையும். சாக்லேட்காரர்கள் இதைத்தான் டெம்பரிங் என்கிறார்கள். பாத்திரத்தையும் மெழுகையும் பொறுத்து இந்தத் தறுவாய் மாறும். தெர்மாமீட்டர் இல்லாமல் இந்த விளையாட்டில் இறங்காதீர்கள். அளவு மீறி ஆறவிட்டால் வேறு வினை வரும். குவளைச் சுவரைத் தொட்ட மெழுகு, அடுத்த படலம் மேலேறி வருவதற்குள் உறைந்துவிடும். அதன் விளிம்பு ஒரு கோடாக நின்றுபோகும். அடியில் படிக்கட்டு வரிகள் தெரிகிற குவளை, மெழுகோ கண்ணாடியோ குளிர்ந்திருந்தது என்று சொல்கிறது.

இணையத்திலும் பெட்டிகளின் மேலும் காணும் குறிப்புகள் பெரும்பாலும் 20 டிகிரி அறையில் வேலை செய்பவர்கள் எழுதியவை. அவர்களுடைய கவலை மெழுகு அவசரமாக ஆறிவிடுகிறதே என்பது. ஆகவே கண்ணாடியைச் சூடாக்கு, அட்டைப்பெட்டியால் மூடு என்கிறார்கள். மதுரையில் மே மாதம் கண்ணாடியே 35 டிகிரியில் உட்கார்ந்திருக்கும். இங்கே மெழுகு ஆறப் போதிய அவசரம் காட்டுவதில்லை; கரு குறைவு, படிகம் பெரிது. அந்த ஊர்க் குறிப்பை இங்கே அப்படியே கடைப்பிடிப்பவர் நோயை மாற்றி மருந்து சாப்பிடுகிறார். நமக்கு நல்லது, சற்றுத் தணிந்த சூட்டில் ஊற்றி, விடியற்காலையில் வேலையை வைத்துக்கொண்டு, குவளைகளுக்கு இடையே இரண்டு விரல்கடை இடம் விட்டு, மின்விசிறியை அணைத்து ஆறவிடுவது. இதுவும் உங்கள் மெழுகுக்குப் பொருந்துமா என்று அறிய ஒரே உருக்கலிலிருந்து மூன்று குவளை ஊற்றி, ஊற்றும் சூட்டை மட்டும் மாற்றி, பெயர் எழுதி ஒட்டி ஒரு மாதம் வையுங்கள். ஒரே நேரத்தில் சாயத்தையும் வாசனையையும் இடத்தையும் மாற்றிவிட்டு எது காரணம் என்று தேடுவது வீண் வேலை.

சாயம் போட்ட வர்த்தியில்தான் பூப்பு உறுத்தும். சாயமில்லாத சோயா வர்த்தியிலும் அது இருக்கிறது, வெள்ளையின்மேல் வெள்ளையாக ஒளிந்துகொண்டு. எரிவதற்கும் மணப்பதற்கும் பூப்பால் ஒரு கெடுதலும் இல்லை. கருநீலச் சோயா வர்த்திதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் மட்டும் இதோடு மல்லுக்கட்டலாம். தேன்மெழுகில் நாள்பட வரும் சாம்பல் பூப்பு, கொஞ்சம் சூடு காட்டி மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும்.

கடைசியாக, வில்லை செய்பவர்களை அதிகம் வாட்டும் வியர்வை. அச்சைத் திறந்தால் வில்லையின் மேல் எண்ணெய்த் துளிகள் முத்து முத்தாக நிற்கும். வாசனை எண்ணெய் மெழுகோடு வேதிவினை புரிந்து ஒன்றாவதில்லை. நெய்யில் மணலுக்கு இடையே தெளிந்த நெய் நிற்பதுபோல் படிகங்களின் இடுக்கில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். படிகம் இறுகி ஒழுங்காக ஒழுங்காக, தன் வரிசையில் சேராத எதையும் வெளியே தள்ளும். இடுக்குகள் கொள்ளும் அளவுக்கு மேல் எண்ணெய் இருந்தால் அது பரப்புக்கு வந்தே தீரும். நூறு கிராம் மெழுகுக்கு ஆறு முதல் பத்து கிராம் எண்ணெய் என்பது வழக்கமான அளவு. எவ்வளவு தாங்கும் என்பதை மெழுகு விற்பவர் குறித்திருப்பார். மணம் தூக்கலாக இருக்கட்டும் என்று அதற்கு மேல் ஊற்றுவதுதான் வியர்வைக்கு முதல் காரணம். அளவாக ஊற்றியும் வியர்த்தால், கலக்கியது போதவில்லை, அல்லது வெயில் காயும் வண்டியில் பயணம் செய்திருக்கிறது. வியர்க்காத எண்ணெயும் பாரஃபினில் தன் வேலையைக் காட்டும். படிகங்களுக்கிடையே சிறு சிறு குட்டைகளாகத் தேங்கி, பரப்பில் பனிச்செதில் போன்ற புள்ளிகளை உண்டாக்கும். மேல்நாட்டில் சிலர் அதை அழகென்று கருதி, வேண்டுமென்றே எண்ணெய் சேர்த்து மெல்ல ஆறவிடுவதும் உண்டு.

பெட்ரோலிய ஆலைகளில் ஒரு காலத்தில் இந்த வியர்வையையே தொழிலாக்கியிருந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் பாரஃபினைப் பாளமாக உறைய வைத்து, சூடான அறையில் மெல்ல மெல்ல வெப்பத்தை ஏற்றுவார்கள். எண்ணெயும் தாழ்ந்த உருகுநிலை மெழுகும் முதலில் சொட்டி வடிந்துவிடும். கெட்டியான, தூய பாரஃபின் மிஞ்சும். அந்த முறைக்குப் பெயரே வியர்க்க வைத்தல்.

வியர்த்த குவளை வர்த்தியை அப்படியே ஏற்ற வேண்டாம். மேலே நிற்பது எளிதில் தீப்பற்றும் எண்ணெய். உறிஞ்சும் காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டுக் குளிர்ந்த இடத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி வியர்க்காவிட்டால் ஏற்றலாம். வில்லையாக இருந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் எடைபோட்டு, எண்ணெய் சேர்க்காத மெழுகு கொஞ்சம் கூட்டி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்கி மறுபடி வார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.